பாட்டு இல்லாத கார்டு

சரி, அது இருக்கட்டும்... இப்ப ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. கதைன்னா கதை இல்லை, நான் பண்ணின முட்டாள்தனம். பின்னாடி நிக்கிறவங்க முன்னால வந்து உட்காருங்கய்யா, நான் அடிக்க மாட்டேன்!

எண்பதுகள்ல நான் சிவகாசி காலண்டர் கம்பெனி ஒண்ணுக்கு ஆர்டர் பிடிக்கிற ஆளு. ஆடிப்பெருக்குக்கு சாம்பிள் ஆல்பத்தைத் தூக்கிட்டு ரயில் ஏறினா, மார்கழிக் கடைசியிலதான் ராஜபாளையம் திரும்புவேன்.

ஊர்ல நாங்க நாலு பேரு. பாட்டுப் பைத்தியங்க! எங்களுக்குள்ள ஒரு வழக்கம்... யாரு வெளியூர் போனாலும், அங்க நம்ம பாட்டு காதுல விழுந்தா, மத்த மூணு பேருக்கும் தபால் கார்டு போடணும். எந்த ஊரு, எந்தக் கடை, என்ன பாட்டு, கூட என்ன சத்தம் கேட்டுச்சு... அவ்வளவுதான். 'நலம், நலமறிய ஆவல்'னு எவனாவது எழுதினான்... தொலைஞ்சான்! எல்லாருக்கும் புரோட்டா வாங்கித் தரணும். அடடா... அந்த மஞ்சக் கார்டுக்கு வாசல்ல காத்துக் கிடந்த நாளெல்லாம் இனி வருமா?

அந்த நாலு பேர்ல குருபாதம்னு ஒருத்தன். நூல் மில்லுல வேலை. ஒரு வருஷம் நான் கிளம்பற அன்னைக்கு அவன் சம்சாரம் சொர்ணம் வந்து நிக்குது. "அண்ணே... அவருக்கு ரெண்டு காதும் போயிருச்சு. யார்கிட்டயும் சொல்லாதேங்கிறாரு"ன்னு அழுவுது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பயணத்துல, ராய்ப்பூர்ல நம்ம ஊர்க்காரர் இட்லிக் கடை. டேப்பில நம்ம பாட்டு! மத்த ரெண்டு பேருக்கும் எழுதிட்டேன். குருபாதத்துக்கு? காது போனவனுக்குப் பாட்டை எழுதுறது பாவம் இல்லையா? அதனால... 'நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்'னு எழுதிப் போட்டேன். பெரிய கருணை வள்ளல் நான்!

பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போறேன். 'வா'ன்னு கூடச் சொல்லலை. கார்டை எடுத்து என் மடியில வீசினான்.

"இது என்னய்யா இது? உடம்பு விசாரிக்கிறே... நான் என்ன சாகவா கிடக்கேன்? போனது காதுதானேய்யா! பாட்டெல்லாம் உள்ள அப்படியே இருக்கு. நீ எழுதினா நான் அந்தக் கடையில உட்கார்ந்து கேட்பேன். அதையும் நிறுத்திட்டியே... என்னைத் தள்ளி வச்சிட்டியா?"

வாயால சொன்னா அவனுக்குக் கேக்குமா? பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தேன். அவன் முன்னாலயே உட்கார்ந்து எழுதினேன். ராய்ப்பூர்... இட்லிக் கடை... என்ன பாட்டு... எல்லாம் எழுதி நீட்டினேன்.

படிச்சான். கண்ணை மூடினான். விரலு முழங்கால்ல தாளம் போடுது... ஒரு வரி தப்பலை! முழுப் பாட்டும் முடிஞ்ச பிறகு கண்ணைத் திறந்து கேட்டான்:

"ஏய்யா, ரெண்டாவது சரணத்துக்கு முந்தி புல்லாங்குழல் வருமே... அப்ப தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சானா? அதை ஏன் எழுதலை?"



அம்மாக்களே, ஐயாக்களே... நாமளும் இதைத்தானே பண்றோம்? நடக்க முடியாத அத்தைக்கு, 'பாவம், எதுக்கு அலைச்சல்'னு கல்யாணப் பத்திரிகை வைக்கிறதில்லை. புருஷனை இழந்த தங்கச்சிகிட்ட, 'பாவம், மனசு கஷ்டப்படும்'னு சுற்றுலா போறதைச் சொல்றதில்லை. பாவம், பாவம்னு சொல்லியே ஆளைக் கழிச்சு விட்டுடறோம். அவங்க கேட்டாங்களா உங்க பாவத்தை? கூப்பிடுங்க! வர்றதா வேண்டாமாங்கிறதை அவங்க சொல்லட்டும். இங்க இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இப்ப மனசுல ஒரு பேரு வந்திருக்கும்... வந்திருக்கா? வீட்டுக்குப் போனதும் முதல்ல அவங்களைக் கூப்பிடுங்க.