உங்கள் பெயர் எழுதிய முப்பத்தொன்பது பெட்டிகள்

மேடையில் நாற்காலி கிடைத்த பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் உண்மையான உறவுகளே, தேநீர் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் நிலைய ஊழியத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மறைந்தவர் என் தங்கையின் கணவர். நான் ஏழாம் வகுப்புவரை படித்தவன். அதற்கு மேல் என்னைத் தாங்கும் சக்தி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இல்லை. ஆனால் இந்தத் தொலைக்காட்சி நிலையத்தை என்னைப்போல் அறிந்தவன் எவனுமில்லை.

எனக்கு முன்னால் ஒன்பது பேர் பேசினீர்கள். ஒன்பது பேரும் "கடமை தவறாதவர்" என்றீர்கள். சுவர்க்கடிகாரத்தைக்கூட அப்படித்தான் சொல்கிறோம்! முப்பத்தோராண்டு ஒளிநாடா அறையைக் கட்டிக் காத்த மனிதருக்கு இவ்வளவுதானா? பேச்சில் சிக்கனம் என்பதால் அவருக்கு "அரைச்சொல் ஐயா" என்று பெயர் வைத்தீர்கள். அந்த அரைச்சொல்லுக்காவது யாராவது காது கொடுத்தீர்களா?

இந்தக் கூட்டம் முடிந்ததும் அவருடைய அறை, வாசலில் நிற்கும் லாரியில் ஏறப்போகிறது. அந்த இடத்தில் புதிய இயக்குநர் காபி இயந்திரம் வைக்கிறாராம். அந்தக் குப்பையோடு போகக்கூடாத முப்பத்தொன்பது பெட்டிகள் அங்கே இருக்கின்றன. ஆகவே அழுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அழாதவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

"அப்பால் அரைமணி" என்றொரு தொடர் இங்கேதான் எடுக்கப்பட்டது. வாரம் ஒரு விஞ்ஞானக் கதை. போன வாரம் வந்தவன் இந்த வாரம் வரமாட்டான். எட்டு மணிக்கு அது தொடங்கினால் தெருவில் ஈ காக்கை இருக்காது. திருடர்களே விடுமுறை விட்டார்கள் என்று காவலர் ஒருவர் என்னிடம் கண்ணீர்விட்டுச் சொன்னார். மூன்றாவது கதையில் வேற்றுக்கிரக ராஜா நான்தான். முதுகு மட்டும் தெரியும். அந்த முதுகுக்கு வந்த கடிதங்கள் பதினாலாயிரம்!

என்ன இருந்தது அதில்? அட்டை ராக்கெட். சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்துச் செய்த தலைக்கவசம். எல்லாக் கதைக்கும் ஒரே கதவு, வாரம் ஒரு வண்ணம். ஒரு கதையில் தையற்காரர் ஒருவரிடம் மூன்று கை வைத்த சட்டை கேட்டு ஒருவன் வருவான். தையற்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். மறுநாள் பத்துப் பேர் வருவார்கள். வாரக் கடைசியில் ஊரே வரும். அப்புறம் தையற்காரரின் மனைவி அவருக்கு இரண்டே கை இருப்பதைப் பார்த்து, "இதை யாருகிட்டயும் காட்டாதீங்க, டாக்டர்கிட்ட போயிடலாம்" என்பாள். அவ்வளவுதான், முடிந்தது! இத்தனை வருஷம் ஆகியும் கூட்டமாகச் சிரிக்கிறவர்களைக் கண்டால் நான் முதலில் என் கையைத்தான் எண்ணுகிறேன். அரைமணியில் உள்ளே புகுந்து நாற்பதாண்டு வெளியே போகாமல் உட்கார்ந்திருக்கிறதே, அது கதை!

இன்றைக்கு நீங்கள் எடுப்பது என்ன? மாமியார் முறைக்கிறாள். இடி இடிக்கிறது. மருமகள் முகம், மச்சினன் முகம், நாய்க்குட்டி முகம். திங்கட்கிழமை தொடங்கிய முறைப்பு வெள்ளிக்கிழமையும் முடிவதில்லை. ஆயிரம் பாகம் எடுத்தோம் என்று கேக் வேறு வெட்டுகிறீர்கள். அதில் ஒரு பாகத்தையாவது யாராவது இரண்டாம் தடவை பார்த்ததுண்டா? எடுத்தவர்களே பார்த்திருக்க மாட்டீர்கள்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேடை நடுவில் கைக்குட்டையோடு அமர்ந்திருக்கும் பெரியவர், ஓய்வுபெற்ற இயக்குநர். அவர் காலத்தில் நாடாவுக்குத் தட்டுப்பாடு. ஒருநாள் என் மாப்பிள்ளையின் அறைக்கு வந்தார்.

"அந்த அட்டை ராக்கெட் கதையெல்லாம் அழிச்சிடுய்யா. மேலே வேற ஏதாவது பதியலாம்."

"சார், அது..."

"சின்னப் பசங்க சமாச்சாரம்யா அது. என் சொற்பொழிவெல்லாம் பத்திரமா இருக்கா? வருங்காலச் சந்ததி கேட்கும்."

"இருக்கு."

பாலம் திறந்தால் இவர் பேசினார். குழாய் திறந்தால் பேசினார். எல்லாவற்றையும் நாடாவில் பதியவைத்தார். என் மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? ஒரே மதியத்தில் முப்பத்தொன்பது பெட்டிகளின் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார். கதைப் பெட்டிகளின் மேல் "இயக்குநர் சொற்பொழிவு". சொற்பொழிவுப் பெட்டிகளின் மேல் "அப்பால் அரைமணி". அழிக்கச் சொன்ன உத்தரவில் கையெழுத்துப் போட்டது யார்? இதோ, இவரேதான்! ஐயா, உங்கள் சொற்பொழிவுகள் உங்கள் உத்தரவுப்படியே முறையாக அழிக்கப்பட்டன. இருபத்தாறு வருஷமாகிறது. வருங்காலச் சந்ததியில் ஒருவர்கூட வந்து கேட்கவில்லை.

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள், அவர் ஆத்மா மகிழும்.

அன்று சாயங்காலமே இதை என்னிடம் சொன்னார். நான் பதறிப்போனேன்.

"மாப்ளே, வேலையே போயிடும்! இதைப் போயி ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"யாருகிட்டயாவது சொல்லணும் மச்சான். நீங்க வெளிய சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்."

எவ்வளவு பெரிய அறிவாளி! மறுநாளே நிலைய உணவகத்தில் நாலு மேசைக்குக் கேட்கும்படி சொன்னேன். இந்த நிலையமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வேற்றுக்கிரக ராஜா இன்னொரு கதை விடுகிறார் என்றீர்கள். அவருடைய ரகசியத்துக்கு என் வாயைவிடப் பாதுகாப்பான இடம் இந்த உலகத்தில் இல்லை.

ஆனால் இப்போது நீங்கள் என்னை நம்பியாக வேண்டும். முதுகுக்கு வந்த கடிதம் பதினாலாயிரம் இல்லை, நாலு. அதில் இரண்டு நானே எழுதியது. போதுமா? பெட்டிகளில் இருப்பது மட்டும் உண்மை. என் தங்கை மேல் ஆணை.

இன்று காலை ஒரு பெட்டியை எடுத்துப் போய் மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்தேன். அதோ, சுவரோரம் நிற்கிறாரே, அவர்தான். பழைய இயந்திரத்தில் போட்டார். கோடு கோடாக ஓடி, அப்புறம் தையற்காரர் வந்தார். அந்த வழியாகப் போன எடிட்டிங் பிள்ளைகள் மூன்று பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். கோப்பையில் காபி ஆறிப்போனது.

"அண்ணே, இது எப்ப எடுத்தது?"

"உங்கம்மா ஸ்கூலுக்குப் போனப்ப."

"அடப்பாவி... அடுத்ததைப் போடுங்கண்ணே."

பிறந்ததிலிருந்து கைப்பேசியைக் கீழே வைக்காத பிள்ளைகள்! அவர்கள் மூவரும் அரைமணி நேரம் நகரவில்லை. நம் புதிய இயக்குநர் மட்டும் நகர்ந்தார். கையில் பட்டியலோடு வந்தார்.

"லேபிள்ல என்ன எழுதியிருக்கோ, அதுதான் சார் செல்லும். 'இயக்குநர் சொற்பொழிவு, முப்பத்தொன்பது.' லிஸ்ட்ல மொத ஐட்டமே அதுதான். லாரி சொல்லியாச்சு."

"உள்ள வேற இருக்கு தம்பி. வந்து பாருங்க."

"கருப்பு வெள்ளையை எல்லாம் யாரு சார் பாப்பா?"

பெரியவரே, கேட்டீர்களா? இன்று மேடையில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் போற்றியவர்தான் குப்பைப் பட்டியலின் முதல் வரியில் உங்களை எழுதிவைத்தவர். நீங்கள் பெட்டியைத் திறக்காமல் அழிக்கச் சொன்னீர்கள். இவர் பெட்டியைத் திறக்காமல் எறியச் சொல்கிறார். ஆள்தான் மாறியிருக்கிறது. அந்த நாற்காலி மாறவில்லை!

ஐயா அரைச்சொல்லாரே! பதவியும் பட்டமும் இல்லாத பெருந்தகையே! ஒரு கதையும் எழுதாமல், ஒரு காட்சியிலும் நடிக்காமல் முப்பத்தொன்பது உலகங்களை அலமாரியில் அடைகாத்த காவலரே! உம்மைப்போல் இன்னொருவரை இந்தக் கட்டடம் காணுமா? கண்டாலும் அடையாளம் தெரியுமா?

அவர் பணியைத் தொடர்வோம் என்று கைகூப்பிச் சொல்லிவிட்டு இறங்குவதுதான் வழக்கம். ஒன்பது பேர் அப்படித்தான் இறங்கினீர்கள். எனக்கு அது போதாது. லாரிக்காரர் எஞ்சினைக் கிளப்பிவிட்டார், சத்தம் கேட்கிறது. என் தங்கை எழுந்துவிட்டாள். இனி அவளை உட்காரவைக்க யாராலும் முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன். இந்தக் கூடத்தில் அறுபது பேராவது இருக்கிறோம். அறை இரண்டாம் மாடியில். ஆளுக்கு ஒரு பெட்டி. என் வீட்டுக் கூடத்தைக் காலி செய்து வைத்திருக்கிறேன். ஒரு நிமிட மௌன அஞ்சலியைப் படியேறும்போதே செலுத்திக்கொள்ளலாம். உங்களில் பலருக்கு எப்படியும் மூச்சு வாங்கும்.

பெரியவரே, நீங்களும் வாருங்கள். உங்கள் பெயர் எழுதிய பெட்டி ஒன்றை நீங்களே தூக்குங்கள். பார்த்துத் தூக்குங்கள், கனமாக இருக்கும். உள்ளே இருப்பது நீங்கள் இல்லை.