பச்சை வட்டம்

நல்ல இணையதளத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் சார். வாசலைத் தாண்டுகிற மாதிரி, பயன்படுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

ஊருக்காக நான் செய்த தளமும் அப்படித்தான். கடலுக்குப் போகலாம் என்றால் பச்சை வட்டம், கூடாதென்றால் சிவப்பு. அமுக்க ஒன்றும் கிடையாது. இறால் பிடித்த ஈர விரலுக்குப் போன் கேட்காது என்பதைக் குப்பம்மா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். "கண்ணாடி இல்லாமயே தெரியுதே நைனா" என்றார். ஒவ்வொருவர் போனிலும் நானே பதிந்து கொடுத்தேன்.

கல்யாணமானதும் பாடு கேட்டேன். ஏரியில் யார், எந்த இடத்தில், என்றைக்கு வலை போடுவது என்று ஊர் வைத்திருக்கும் முறைதான் பாடு. எனக்கு மீன் வேண்டியிருக்கவில்லை. பாடு இல்லாதவனை ஊர்க்கூட்டத்தில் ஆளாக எண்ண மாட்டார்கள். எனக்காகப் பேசுகிறேன் என்று தமிழ்வேந்தன் வாக்குக் கொடுத்திருந்தான். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

கூட்டத்தில் எழுந்தான். "கம்ப்யூட்டர்ல வலை போடறவனுக்குப் பாடு இன்னாத்துக்குபா? முழங்காலாவது நனையுமா அவனுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பாடு கிடைக்கவில்லை.

நான் சண்டை போடவில்லை. அவன் போனுக்கு மட்டும் எப்போதும் பச்சை காட்டும்படி மாற்றி வைத்தேன். மழைக்காலம் வரும்வரை அவனோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று காற்று இன்னும் எழவில்லை. ஏரி எண்ணெய் போலக் கிடந்தது. கரையிலிருந்து போனில் கூப்பிட்டான்.

"மச்சான், இங்க எல்லாருக்கும் சிவப்பு காட்டுது, எனக்கு மட்டும் பச்சை. எதுடா கரீட்டு?"

"அவங்க போன்ல நேத்து வந்ததே நிக்குது. உன்னுதுதான் கரீட்டு."

"அதானே. கெடக்கட்டும் பயந்தாங்கொள்ளிங்க."

தன் தங்கை புருஷன் அஜித்குமாரையும் ஏற்றிக்கொண்டு போனான். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தைத் தாண்டிய பிறகுதான் காற்று வந்தது. படகு மட்டும் கரை ஒதுங்கியது.

அஜித்குமார் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஒரு போனை இரண்டு பேர் நம்புவார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அது வடிவமைப்பில் நேர்ந்த குறை.

மற்றபடி, தளம் பழுது என்று எழுதிக்கொள்ளாதீர்கள் சார். அது சரியாகத்தான் வேலை செய்தது. எனக்கு ஆறாதது ஒன்றுதான். என்னை ஊர்க்காரனாகவே மதிக்காதவன், அன்று ஊரே சொன்னதைத் தள்ளிவிட்டு என் சொல்லை நம்பினான். அந்தத் துரோகத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.