ஒரு விரலால் மூடிய குழாய்

பசறையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தேயிலை ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். மற்றவர் அவருடைய மச்சான். "தொரைய நனைச்சுப்புட்டேன் மச்சான்" என்று பிட்டர் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னது, தோட்டத்து மேனேஜரு தொரையவா?"

"ஆமா. ஆலை மிசின ஓட்டுற சக்கரத்துக்கு மலையிலருந்து தண்ணி வர்ற பைப்பு இருக்குல்ல? அத மூட நாலு ஆளு தொங்கணும். போன மாசம் ஒருத்தரு மிசின்ல மாட்டிக்கிட்டாரு. சக்கரத்த நிப்பாட்டுறதுக்குள்ள எங்களுக்கு உசுரே போயிருச்சு. நல்ல வேளை, அவருக்கு வேட்டியோட போச்சு. அதான் புதுசா ஒரு வால்வு செஞ்சேன்."

"அது மட்டும் லேசா மூடுமா?"

"முன்ன தண்ணிய அடைச்ச பலகை பைப்ப உரசிக்கிட்டே எறங்கும். இது கதவு மாதிரி. கீலக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கேன். மூடி முடியிறப்ப மட்டுந்தான் பைப்பு வாயில ஒட்டும், வழியில எங்கயும் உரசாது. ஒத்த வெரலு போதும்."

"அப்புறம் எப்புடி நனைஞ்சாரு?"

"தானே மூடிப் பாக்கணும்னாரு. மெதுவா மூடுங்கன்னேன், கேட்டாத்தானே! ஒத்த வெரலால பட்டுன்னு தட்டிட்டாரு. ஓடி வந்த தண்ணி போக எடமில்லாம முட்டி, பைப்பு மூட்டு பிச்சிக்கிச்சு. தொரை தொப்பி ஓடையில போகுது."

மச்சான் சிரிக்கவில்லை. "அப்ப வேல போச்சா?"

"மூடுனதே அவருதானே! சொட்டச் சொட்ட நின்னு சக்கரத்தத் திரும்பிப் பாத்தாரு. அது நின்னுருந்துச்சு. 'வால்வு நல்லா இருக்கு. இனிமே நீயே மூடு'ன்னாரு."