பொட்டிப் பாட்டு

— மறுபடியும் அதே வரிதாங்கம்மா வருது. பசிக்குதான்னு கேட்டாலும் பொட்டி, வலிக்குதான்னு கேட்டாலும் பொட்டி.

— எல்லாத்துக்கும் அவருக்கு அதுதான் கண்ணு. காலையில பல்லு வெளக்கி விட்டா, வாய் நிறைய நுரையோட அதையே பாடறார். கண்ணாடி பூரா தெறிச்சுக் கிடக்கு.

— பொட்டியத் தூக்கிக்கிட்டு எங்க போற புள்ள...

— எங்கயும் போகலைங்க. உங்க கால்மாட்டுலதான் உக்காந்திருக்கேன். பேச்சு டீச்சர் வந்திருக்கு, அதைப் பாருங்க.

— அம்மா, நீங்க கவலைப்படாதீங்க. இது நல்ல அறிகுறிதான். பக்கவாதம் வந்ததுல அவருக்கு மூளையில பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கு. ஆனா பாட்டு வேற வழியா வருதுங்க. அதனாலதான் "ஆமா" சொல்ல வராதவருக்கு அவரோட பாட்டு முழுசா வருது.

— அவரோட பாட்டு.

— தப்பாச் சொல்லிட்டேனா? உங்க ரெண்டு பேரோட பாட்டுங்க. எனக்குத் தெரியாதா? எங்க அக்கா கல்யாணத்துல அதைத்தான் நாலு தடவை போட்டாங்க.

— புருஷனோட சண்டை போட்டுக்கிட்டுப் பொட்டியைத் தூக்கறவ பாட்டை, கல்யாணத்துல போட்டு ஆடறாங்க. என்னத்தைச் சொல்ல. ஆஸ்பத்திரியில இவரை வண்டியில தள்ளிட்டுப் போன ஆளுகூட, "நீங்க பொட்டி ஜோடிதானே"ன்னு கேட்டு முணுமுணுத்துக்கிட்டே தள்ளினான். இவரு வாய் கோணிக் கிடக்கறார். நான் அவனுக்குத் தலையாட்டறேன். நாங்க இருநூறு பாட்டுக்கு மேல பாடியிருக்கோம் கண்ணு. ஒண்ணு சொல்லு பாப்போம்.

— பொட்டிப் பாட்டைத் தவிரவாங்கம்மா? இருங்க, போன்ல தேடிப் பாக்கறேன்.

— பரவாயில்லை. எங்க பொண்ணுக்கே பத்துதான் தெரியும்.

— சரிங்கம்மா, பயிற்சியை ஆரம்பிக்கலாங்களா? ஐயா, உங்க இடது கையைக் கொடுங்க. நான் ஒவ்வொரு அசைக்கும் ஒரு தடவை தட்டுவேன். தட்டத் தட்ட நீங்க பாடணும். அம்மா, இந்தத் தட்டு ரொம்ப முக்கியம். நான் இல்லாதப்ப நீங்கதான் செய்யணும். இப்படி, ரெண்டு விரலால...

— அதை எனக்குச் சொல்லித் தராத கண்ணு. முப்பது வருஷமா அதே கையில, அதே ரெண்டு விரலால தட்டிக்கிட்டு இருக்கேன்.

— மேடையில கையைப் பிடிச்சுக்கிட்டே பாடுவீங்களே, அதுவா? அதைப் பாத்து எங்கம்மா உருகிப் போவாங்க.

— எல்லாரும் உருகினாங்க. இவருக்குத் தாளம் நிக்காது. எங்க எடுக்கணும்னு தெரியாது, அரை அடி முன்னாலயே குதிச்சிடுவார். அதுக்குத்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு, இப்ப எடுங்கன்னு தட்டுவேன். பாசம்னு நெனச்சாங்க. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

— ஐயா சிரிக்கறார் பாருங்க.

— அவருக்குப் புரியும். எல்லாம் புரியும். வார்த்தைதான் வராது.

— ஒத்த வார்த்தை சொல்லிப்புட்டுப் போ புள்ள...

— அடுத்த வரிக்குப் போயிட்டாருங்க. ரொம்ப நல்லது. சரி, இப்ப அந்த மெட்டுலயே புது வார்த்தையை உக்கார வைக்கணும். தண்ணி வேணும், பாத்ரூம் போகணும், வலிக்குது. இந்த மூணுல ஆரம்பிப்போம்.

— அதுக்கு முன்னால இதை வச்சுக்கோ. ஒரு வரிதான். எழுதி வச்சிருக்கேன்.

— "பாட்டக் கட்டிக் குடுத்தது இந்தப் புள்ள." இது எந்தப் பாட்டுலம்மா வருது?

— எந்தப் பாட்டுலயும் வராது. நேத்து நான் எழுதினது. பொட்டி வரியோட மெட்டுல உக்காரும். ஒரு அசை கொறையுது, "குடுத்தது"ல கொஞ்சம் இழுத்துக்கிட்டா சரியாயிடும்.

— அம்மா, இது அவருக்கு எதுக்குங்க? நாள் பூரா தேவைப்படற வார்த்தைதானே முதல்ல வேணும்.

— எனக்குத் தேவைப்படுது. நாளைக்குப் பத்து மணிக்கு வானொலிக்காரங்க வராங்க. பாட்டு வந்து முப்பது வருஷம் ஆச்சாம். "ஐயா ஒரு வரி பாடினாக்கூடப் போதும், ஜனங்க கேக்க ஆசைப்படறாங்க"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வரி இதுவா இருக்கட்டும்.

— அப்ப அந்தப் பாட்டை எழுதினது...

— நான். எழுதினதும் நான், மெட்டும் நான். கல்யாணம் ஆகி ஏழாவது மாசம். எதுக்குச் சண்டைன்னுகூட இப்ப ஞாபகம் இல்லை. ரெண்டு புடவையும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் பொட்டியில எடுத்து வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறேன். இஸ்திரிப் பெட்டியை எதுக்கு எடுத்தேன்னு கேக்காத. எங்க போறேன்னு கேட்டார். கோவத்துல எனக்கு வார்த்தை வரலை, அவரு கேட்டதே பாட்டாத் திரும்பி வந்தது. நின்ன எடத்துலயே மூணு அடி வந்துடுச்சு. இவரு வெலவெலத்துப் போயிட்டார். "இரு, இரு, மறுபடி பாடு"ங்கறார். சண்டையும் மறந்து போச்சு, பொட்டியும் உள்ள போயிடுச்சு.

— ஆனா ஐயா பேட்டியில எல்லாம், ரயில்ல போகும்போது ஒரு பொண்ணைப் பாத்தேன், அப்பத் தோணுச்சுன்னு சொல்லியிருக்காரே.

— சொன்னார். எந்த ரயில்னு நானும் முப்பது வருஷமாக் கேக்கறேன். கேசட் கம்பெனியில ஒரு தாள் கொடுத்தாங்க கண்ணு. "பாட்டும் மெட்டும்"னு போட்டு ஒரு கோடு. எங்க பொண்ணு அப்பக் கைக்குழந்தை, காது வலியில அழுதுக்கிட்டே இருந்தது. நான் தூக்கிக்கிட்டு வராந்தாவுல நடந்தேன். இவரு தன் பேரை எழுதிக் கொடுத்துட்டு வந்தார். "ஒரு பேருக்குத்தான் எடம் இருந்தது"ன்னார். நானும் நம்ம வீட்டுப் பேருதானேன்னு விட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. முதல் பேட்டியில யாரு எழுதினதுன்னு கேட்டதுக்கு முழுங்கினார். ரெண்டாவதுல ரயில் வந்துடுச்சு. அப்புறம் அந்த ரயில் பொண்ணுக்கு என்ன கலர் புடவைன்னுகூடச் சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

— நீங்க கேக்கலையா?

— கேக்காத நாளா? "நாளைக்குச் சொல்றேன்"ம்பார். இந்தத் தடவை பொண்ணு முன்னால சத்தியமே பண்ணினார், அடுத்த மேடையில சொல்லிடறேன்னு. சட்டையெல்லாம் தேய்ச்சு மாட்டி வச்சேன். அன்னிக்குக் காலையில குளிக்கற எடத்துல விழுந்துட்டார். சொல்லியிருப்பாரா, மாட்டாரான்னு எனக்குத் தெரியாது. ராவும் பகலும் அதே நெனப்புதான். இவரைத் தொடைச்சு விடும்போதும் அதைத்தான் நெனைக்கறேன். நான் நல்லவ இல்லை கண்ணு.

— அப்படிச் சொல்லாதீங்கம்மா. ஐயா அழறார்.

— அந்த வலது கண்ணு எப்பவும் ஒழுகும். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கார். இருங்க, தொடைச்சு விடறேன்... பாரு கண்ணு, அந்தப் பாட்டு பொறந்தப்ப வாசல்ல இருந்தது நாங்க ரெண்டு பேருதான். ஒரு ஆளுக்குப் பேச்சு போயிடுச்சு. நான் சொன்னா, புருஷன் படுத்ததும் பேருக்கு அலையறா பாருன்னுதான் சொல்வாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு தடவை இவரு வாயால வரணும். அதைக் கேட்டுட்டா, இன்னும் பத்து வருஷம் இவருக்குப் பல்லு வெளக்கி விடுவேன்.

— சரிங்கம்மா. செய்யலாம். ஐயா, உங்களுக்குச் சம்மதமா? கையை அழுத்துங்க... அழுத்தறார்மா.

— அழுத்துவார். வா, நானே தட்டறேன். நீ வாயசைப்பைப் பாரு. பாட்... டக்... கட்... டிக்...

— பாட்... பொட்டியத் தூக்கிக்கிட்டு...

— இல்லைங்க. பொட்டி வேண்டாம். என் வாயைப் பாருங்க. பாட்டக் கட்டிக்...

— பாட்ட... பாட்டத் தூக்கிக்கிட்டு எங்க போற புள்ள...

— ஐயய்யோ, பாட்டைத் தூக்கிக்கிட்டுப் போனது நீங்கதான். சிரிக்காதீங்க. சிரிச்சா மூச்சு போயிடும். மறுபடி.

— அம்மா, நீங்களும் சிரிக்கறீங்க.

— ரொம்ப நாளாச்சு கண்ணு, நாங்க உக்காந்து ஒரு வரியைப் பழகி. எடுங்க. பாட்டக் கட்டிக்...

— பாட்டக் கட்டிக் கு... கு... கு...

— கு, டுத், தது. இழுங்க. இன்னும் கொஞ்சம். விடாதீங்க, நான் கையைப் பிடிச்சிருக்கேன்.

— பாட்டக் கட்டிக் குடுத்தது... போற புள்ள.

— கிட்ட வந்துட்டாரும்மா. கடைசி மட்டும்தான். ஐயா, வேர்க்குதா? கொஞ்சம் நிறுத்தலாமா? தலையை ஆட்டறார், நிறுத்த வேண்டாமாம்.

— பிடிவாதம் மட்டும் அப்படியே இருக்கு. இந்தப் புள்ள. என்னைப் பாத்துச் சொல்லுங்க. இந்தப் புள்ள. சேத்துப் பாடுங்க, தட்டறேன்.

— பாட்டக் கட்டிக் குடுத்தது... இந்த... இந்தப் புள்ள.

— மறுபடி.

— பாட்டக் கட்டிக் குடுத்தது இந்தப் புள்ள.

— அம்மா, வந்துடுச்சு. முழுசா வந்துடுச்சு. இந்த வேலையில நாலு வருஷமா இருக்கேன், ஒரே நாள்ல இப்படி வந்து பாத்ததே இல்லைங்க. நாளைக்கு மைக் முன்னால நீங்க இப்படியே தட்டினாப் போதும். ஊரே கேக்கும். அம்மா? ஏன் கையை எடுத்துட்டீங்க? ஐயா உங்க கையைத் தேடறார் பாருங்க.

— அந்த வானொலிக்காரங்க நம்பரைப் போட்டுக் கொடு கண்ணு. என் கண்ணாடி எங்கயோ இருக்கு. நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேன்.

— ஏம்மா? இதைத்தானே முப்பது வருஷமாக் கேட்டீங்க? இப்பத்தான் சொல்லிட்டாரே.

— எங்க சொன்னார்? வார்த்தை நான் கட்டினது. மெட்டு நான் போட்டது. எடுக்க வேண்டிய எடத்துல தட்டிக் கொடுத்ததும் நான். அவரு பாடினார், நீ அவரைப் பாத்துக் கை தட்டற. அன்னிக்கும் இதேதான் கண்ணு நடந்தது.