நான்கு குரல் திருப்பலி

நவம்பரில் தேவாலயம் குளிராகத்தான் இருக்கும், அய்யா. அதற்காக என்னைக் குறை சொல்ல முடியாது.

பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் எங்கள் குழு வருடந்தோறும் பதினைந்தாம் நூற்றாண்டுத் திருப்பலி ஒன்றை அந்தக் காலத்தில் நடந்தபடியே நடத்திக் காட்டும். மின்விளக்கு கிடையாது, ஹீட்டர் கிடையாது. கம்பளி அங்கியோடு ஒரே பெரிய பாட்டேட்டைச் சுற்றி நின்று பாடுவோம். நடத்துபவன் நான். லீவன் பாடுவது டெனர், பாட்டைத் தாங்கும் நீள்சுரக் குரல். தொழிலில் பல் டாக்டர். அவன் நீட்டிப் பிடிக்கும் சுரத்தின் மேல்தான் மற்ற மூன்று குரல்களும் நிற்க வேண்டும். அவனோ நினைத்த இடத்தில் மூச்சு வாங்குவான். மொத்தமும் சரியும்.

சொல்லிப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன்.

"அட போடா கோமார். எழுதினவன் செத்து ஐநூறு வருஷமாச்சு. நான் மூச்சு விட்டா எந்திரிச்சு வந்து அடிக்கப்போறானா?"

எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் அங்கிகளைத் தைக்கும் அவன் மனைவி கோடலீவும் சிரிப்பாள்.

அன்று அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பிரசங்கத்தின்போது, பாடகர்கள் உடை மாற்றும் சிறிய அறைக்குப் போனான். ஜன்னல் இல்லாத அறை. உள்ளே கரிக் கணப்பு எரிந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் சூடேத்திக்கிட்டு வரேன். பாட்டு ஆரம்பிக்கும்போது கூப்பிடு, மறந்துடாத."

"கூப்பிடறேன், போ" என்றேன்.

போன வருடம் அதே அறையில்தான் கோடலீவ் மயங்கி விழுந்தாள். தூக்கி வந்தது நான். கரிப் புகை எப்படி ஆளைக் கொல்லும் என்று மருத்துவர் விளக்கியதும் என்னிடம்தான். கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்று குழுவுக்குச் சொன்னவனும் நானே.

அவன் இருமல் வெளியே கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்தினேன். வெளித்தாழ்ப்பாளையும் போட்டேன். கீழ் இடுக்கில் ஓர் அங்கியைச் சுருட்டி வைத்தேன். அவன் பகுதியை நானே பாடினேன். நான்கு குரலும் முதல்முறையாக ஒன்றாக நின்றன.

கடைசிப் பாட்டின் நடுவில் கதவு தட்டும் சத்தம். கதவை ஒட்டி நின்ற எனக்கு மட்டும் கேட்டது. மெதுவாகத்தான் தட்டினான். அதுவும் தாளத்தில் இல்லை.

முடிந்ததும் கோடலீவ் வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அவர் எங்கங்க? அவர் குரலே கேக்கலையே" என்றாள். அவ்வளவு பாடியும் அவள் கேட்டது அதைத்தான்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பாட்டு முடிந்தவுடன் திறக்கத்தான் இருந்தேன், அய்யா. அவன் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.