வீட்டுக்குள் வந்த பனியன் கம்பெனி

தலைமை ஏற்றிருக்கும் தெய்வாத்தாள் அம்மா அவர்களே, மகளிர் மன்றத்தைத் தோளில் சுமக்கும் தாய்மார்களே, தையல் மிஷினோடு மல்லுக்கட்டும் அக்காமார்களே, பந்தலோரம் நிற்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சின்னப் பெண்ணின் வணக்கம்!

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மேடை எனக்குப் புதிது. என்னங்கக்கா, கேட்கவில்லையா? இதோ, மைக்கைக் கிட்ட இழுத்துக்கொள்கிறேன்.

போன ஐப்பசி மழையில் நம் தரைப்பாலம் மூழ்கியது. எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் பனியன் கம்பெனி வேன் வரவில்லை. ஆனால் கப்பலேற வேண்டிய குழந்தைப் பனியன்கள் காத்திருக்குமா? மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி சுற்றுவழியில் டிராக்டர் விட்டு மூட்டைகளை அனுப்பினார். "வெள்ளம் வடியற வரைக்கும் ஊட்லயே பிசிறு நூல வெட்டுங்க அம்மணி" என்றார்.

மூட்டை வந்தது. மேசை வந்ததா? வெளிச்சம் வந்ததா? வேலை செய்கிறாள் என்ற மதிப்பாவது வந்ததா? கத்தரியை எடுத்தால், "கண்ணு, கோழிய முடுக்கு!" நூலைப் பிடித்தால், "சும்மாதான உக்காந்திருக்கறே, அடுப்பப் பாரு!" சிரிக்கிறீர்களே, உங்கள் வீட்டிலும் இதே கதைதானா?

அந்த வாரம்தான் என் அக்கா கயல்விழிக்கு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளையின் தாயார் நாச்சியம்மாள் அத்தை, இதோ முன்வரிசையில் இருக்கிறார், ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றார். நானோ பனியனின் கழுத்தோரம் கத்தரி வைத்திருந்தேன். கை தவறினால் துணியில் ஓட்டை. கம்பெனியில் யார் வந்தாலும் நாங்கள் தலை நிமிர்வதில்லை. அந்தப் பழக்கத்தில் நிமிராமலே இருந்துவிட்டேன். "வாங்க" என்று சொல்லவில்லை. நம் கொங்குச் சீமையில் இதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா? அத்தை திரும்பிப் போய்விட்டார்.

அம்மா கொதித்தார். "வாங்கன்னு கேக்காத ஊட்ல பொண்ணெடுப்பாங்களா? போயி மன்னிப்புக் கேட்டுப்போட்டு வா!" அக்காவின் கண் கலங்கியதுதான் என்னைத் தெருவில் இறக்கியது.

அத்தை வீட்டுக்குப் போனேன். சொன்னேன்: "அத்தை, உங்கள மதிக்காம இல்லீங்க. நான் கம்பெனீல இருந்திருந்தா, வாங்கன்னு கேக்கலைன்னு கோவிச்சிருப்பீங்களாங்க? ஊட்ல செஞ்சாலும் அது வேலைதானுங்களே?"

அத்தை ஏற இறங்கப் பார்த்தார். "வாயில்லாப் புள்ளைன்னு சொன்னாங்க, பரவால்லையே! செரி, உங்க கம்பெனி எத்தன மணிக்கு உடும்?"

"ஆறு மணிக்குங்க."

சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் குரல் கேட்டது: "ஏன் அம்மணி, கம்பெனி உட்டாச்சா? உள்ள வரலாமா?"

அம்மா காப்பி போட ஓடினார். கதவுக்குப் பின்னால் அக்கா சிரித்தாள். வருகிற தை மாதம் கல்யாணம். கைதட்டுகிறீர்களா? அத்தைக்குத் தட்டுங்கள்!

தாய்மார்களே, வெள்ளம் வடிந்து பாலம் தெரிகிறது. ஆனால் வீட்டுக்குள் உழைக்கும் பெண்ணின் உழைப்பு எப்போது கண்ணுக்குத் தெரியும்? அடுப்படியில் அமர்ந்து செய்தாலும் உழைப்பு உழைப்புதான்! அறை மூலையில் அமர்ந்து செய்தாலும் உழைப்பு உழைப்புதான்! அவளை ஏவுவதற்கு முன்னால், "வேலையா இருக்கியா கண்ணு?" என்று ஒரு சொல் கேளுங்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு வாங்கத்தான், கூச்சத்தை வீட்டில் விட்டுவிட்டு இந்த மேடை ஏறினேன்.

பொறுத்திருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. கைகூப்பி விடைபெறுகிறேன், வணக்கமுங்க!