மேல்முறையீடு என்ற தலைப்பு

நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று தெரியாது. புத்தகத்தின் பெயர் தெரியாது, எழுதியவர் யார் என்று தெரியாது. தங்கள் கவலை மட்டும்தான் தெரியும். அதற்காகத்தான் கணினிப் பட்டியலில் பொருள்வாரித் தேடல் என்று ஒன்று இருக்கிறது. திரையின் இடது ஓரத்தில் தலைப்புகள் கிளை கிளையாக விரியும். 'சட்டம்' என்பதைத் தொட்டால் அதற்குள் பல தலைப்புகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை புத்தகம் என்று ஒரு எண். கீழே 'இதையும் காண்க' என்று வேறு சில தலைப்புகள். இவற்றை ஒழுங்காக வைத்திருப்பதுதான் என் வேலை. அதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

எங்கள் நூலகம் சிறைக்குள் இருப்பது என்பதால் சில விஷயங்கள் மாறும். அடுக்குகள் கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. எனக்கு உதவிக்கு வருகிறவர் உட்பட எந்தக் கைதியும் உள்ளே போய்ப் புரட்டிப் பார்க்க முடியாது. சன்னலுக்கு வெளியே ஒரு கணினி இருக்கிறது. தலைமையகத்தோடு இணைந்த பட்டியல் மட்டும் அதில் திறக்கும், வேறெதுவும் திறக்காது. சொல்லை அடித்துத் தேடும் பெட்டியை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். எழுத்துப்பிழையோடு அடித்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். ஆகவே தலைப்பைத் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். பட்டியலில் இல்லாத புத்தகம் அவர்களைப் பொறுத்தவரை உலகத்திலேயே கிடையாது.

டெய்லர் என்னிடம் வந்தது புத்தகம் தைக்க. சிறைத் தையல் கூடத்தில் வேலை பார்த்தவரைக் கட்டு விட்டுப்போன புத்தகங்களுக்காகக் கேட்டு வாங்கினேன். வெளியே தையல் கடையில் தன்னோடு வேலை பார்த்தவரைக் கொன்றதாக வழக்கு. தான் செய்யவில்லை என்றார். உள்ளே இருக்கும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நாளுக்கு நாலு தடவை சொல்வார்கள். இவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதனால் நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

விசாரிக்க வந்த நீங்கள் என் வீட்டைப் பற்றியும் கேட்டீர்கள். மகன், மருமகள், நான். "சாப்பிட்டீங்களா மாமா?" என்று மருமகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் விளம்பரம் முடிந்துவிடும். மனைவி போன பிறகு என்னோடு முகம் பார்த்துப் பேசியவர் டெய்லர் ஒருவர்தான். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, "என்னண்ணே, முகம் வாடியிருக்கு?" என்பார். அந்த ஒரு கேள்விக்காக விடுமுறை நாளிலும் வேலைக்குப் போயிருக்கிறேன்.

அவருக்கு முன்னால் எனக்கு உதவிக்கு இருந்தவர் ஒரு பெயின்டர். விடுதலையான அன்று என் சன்னலைத் தாண்டித்தான் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அவசரம், தப்பில்லை. ஆனால் கொஞ்ச நாளைக்கு எனக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை.

ஒருநாள் டெய்லர் கேட்டார்.

"அண்ணே, அப்பீல் பண்றதைப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்கா? வக்கீல் போனையே எடுக்க மாட்டேங்கறாராம். அக்கா அலைஞ்சு அலைஞ்சு ஓஞ்சு போயிட்டா."

"தேடிப் பாருங்க டெய்லர். இருந்தா கம்ப்யூட்டர்ல வரும்."

ஒற்றை விரலால் ஒவ்வொரு தலைப்பாகத் தொட்டுக்கொண்டு போனார். அவர் 'சட்டம்' வரை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. மிச்சத்தை அடுத்த முறை பார்க்கிறேன் என்று எழுந்து போனார்.

அன்று மாலை 'சட்டம்' கிளைக்குள் 'மேல்முறையீடு' என்ற தலைப்பை நான் திறந்து பார்த்தேன். சில புத்தகங்கள் இருந்தன. அதில் ஒன்று படிப்பறிவு குறைந்தவருக்கும் புரிகிற கையேடு. மனு எப்படி எழுத வேண்டும் என்று மாதிரியே கொடுத்திருந்தார்கள். நான் எதையும் அழிக்கவில்லை, கிழிக்கவில்லை. அவற்றை 'வரலாறு' கிளைக்குள் இருந்த 'நீதித்துறை வரலாறு' என்ற தலைப்புக்கு மாற்றினேன். மேல்முறையீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டுதானே. புத்தகம் இல்லாத தலைப்பை அந்த மென்பொருள் தானாகவே மறைத்துவிடும்.

"இல்லையேண்ணே," என்றார் டெய்லர், அடுத்த முறை.

"இல்லேன்னா இல்லைதான்."

அவர் முகம் செத்துப்போனதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. 'தண்டனை' என்ற தலைப்புக்குக் கீழே 'இதையும் காண்க' என்ற இடத்தில் 'மன அமைதி', 'பொறுமை', 'கோபத்தைக் கையாளுதல்' மூன்றையும் சேர்த்தேன். அவர் எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நின்றார். ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தார். தூக்கம் வருகிறது என்றார். சிரிக்கவும் செய்தார். "நீங்க இல்லேன்னா எனக்குப் பைத்தியமே புடிச்சிருக்கும்ணே" என்றார். அதைக் கேட்ட அன்று வீட்டில் டிவி சத்தம்கூட என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

மேல்முறையீட்டுக்கான அவகாசம் அப்படியே கழிந்துபோனது. பிறகு யாரோ சொல்லி ஓடி வந்தார்.

"லேட்டானாலும் மனு போடலாமாம்ணே! ஏன் லேட்டுன்னு காரணம் மட்டும் சொல்லணுமாம்."

"அப்படியா? பாப்போம்."

'காலக்கெடு' என்ற தலைப்பில் இருந்தவற்றை 'நேர மேலாண்மை'க்குள் வைத்தேன். அவர் அதிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துப் போனார். காலையில் சீக்கிரம் எழுவதைப் பற்றியது. "இங்க எல்லாரையும் ஒரே நேரத்துக்குத்தானேண்ணே எழுப்பறாங்க" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். நானும் சிரித்தேன். நல்ல நாள் அது.

நீங்கள் மறுபடி மறுபடி அந்த லாரி ஓட்டுநரைப் பற்றியே கேட்கிறீர்கள். அவரோடு எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. டெய்லர் இருந்த அதே பகுதியில் இருந்தவர். அவரும் 'சட்டம்' என்ற கிளையைத்தான் திறந்து திறந்து பார்த்திருக்கிறார். என்னிடமும் வந்து அப்பீல் புத்தகம் கேட்டார். மனைவி மாசமாக இருப்பதாகச் சொன்னார். அவருக்கு ஒரு பதில், டெய்லருக்கு ஒரு பதில் என்று சொல்ல முடியுமா? இரண்டு பேரும் பேசிக்கொள்கிறவர்கள். இல்லை என்றுதான் சொன்னேன். அவர் 'மன அமைதி'யில் ஒரு புத்தகம்கூட எடுக்கவில்லை. பிறகு அறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். எனக்கு வருத்தம்தான். ஆனால் அவருக்கு எதிராக நான் எதுவும் செய்யவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் என் நினைப்பிலேயே இல்லை.

தலைமையகத்திலிருந்து மென்பொருளைப் புதுப்பிக்க ஒரு பெண் வந்தாள். என் மருமகள் வயசு இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே, "சார், இவ்வளவு சட்டப் புத்தகம் வெச்சிருக்கீங்க, அப்பீல்னு ஒரு தலைப்பே காணோமே?" என்றாள். யார் எதை மாற்றினாலும் அவர் பெயர் அதில் பதிவாகியிருக்கும். அதைத் திறந்து பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்களா சார் மாத்துனீங்க?"

"ஆமாம்மா."

"ஏன் சார்?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. டெய்லர் மூலையில் உட்கார்ந்து அகராதி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த தையலை முடித்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"உங்ககிட்டதானேண்ணே கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அடிக்கவில்லை, திட்டவில்லை. தையல் கூடத்துக்கே போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நூலகத்துப் பக்கம் வரவே இல்லை. நான் சொல்லி அனுப்பினேன். உடம்பு சரியில்லை என்றும் சொல்லி அனுப்பிப் பார்த்தேன்.

இப்போது அவருக்காகத் தாமத மனு போடுகிறார்கள் என்கிறீர்கள். அந்தப் பெண்ணும் அவர் அக்காவும் அலைகிறார்களாம். நல்லது. தலைப்பை மாற்றியது கணினியில் இருக்கிறது, ஆனால் அவர் கேட்டதும் நான் இல்லை என்றதும் எங்கள் இருவருக்குள் நடந்தவை, அதற்கு இந்த வாக்குமூலம்தான் சாட்சி, இது இருந்தால் மனு நிற்கும், இல்லாவிட்டால் தள்ளிவிடுவார்கள் என்கிறீர்கள். புரிகிறது. எல்லாவற்றையும் நானேதான் செய்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். அதில் ஒரு வார்த்தையையும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

கையெழுத்துக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். டெய்லரை ஒரு தடவை இங்கே அழைத்து வாருங்கள். எனக்கு எதிரில் உட்கார்ந்து, அவர் வாயால் கேட்கட்டும். உடனே போட்டுவிடுகிறேன். அவர் கேட்டு நான் இதுவரை எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை.